மலைத் தண்ணியும் லயத்து வெளிச்சமும்

(தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்க அங்கத்தவர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பெக்டரி எலக்ட்ரீசியன் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கரண்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முப்பது வருஷம் பெக்டரியில் மோட்டரோடு மல்லுக்கட்டியவன் நான். மேடைப்பேச்சு வராது. தெரிந்ததைச் சொல்கிறேன், நடுவில் கேள்வி இருந்தால் கேளுங்கள்.

முதலில் ஒரு கேள்வியை நானே கேட்கிறேன். நாம் நிற்கும் இந்த மலையில் விழுகிற மழை எங்கே போகிறது? காசல்ரீயில் தேங்குகிற தண்ணி நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர நிலையத்தைச் சுற்றுகிறது. பிறகு பழைய லக்சபானவைச் சுற்றுகிறது. அங்கிருந்து இறங்கிப் பொல்பிட்டியவைச் சுற்றுகிறது. ஒரே தண்ணி, மூன்று இடத்தில் கரண்ட்! மவுஸ்ஸாகலை தண்ணியும் அப்படித்தான்: கென்யன், புதிய லக்சபான, பிறகு பொல்பிட்டிய. அதற்குக் கீழே இப்போது புரோட்லண்ட்ஸ் நிலையமும் கட்டியாகிவிட்டது.

இந்த யோசனையை முதலில் சொன்னவர் விமலசுரேந்திர என்ற எஞ்சினியர். 1918இல் எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அது இழுபட்டு இழுபட்டு, லக்சபான ஓடத் தொடங்கியது 1950இல். அவர் உயிரோடிருக்கும்போதே நடந்தது, அதுவரைக்கும் சந்தோஷம்.

அதற்கு முன்னமே தோட்டத்துப் பெக்டரிகளில் சொந்தக் கரண்ட் இருந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓடையை மறித்து, குழாயில் தண்ணி இறக்கி, சின்ன டர்பைன் ஓட்டினார்கள். அப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. லக்சபான கரண்ட் மலிவாக வந்ததும் பல இடத்தில் அதைக் கைவிட்டார்கள். துருப்பிடித்த குழாயைப் பிள்ளைகள் இன்னும் காட்டுவார்கள். 1990களின் நடுவில்தான் தனியார் கம்பனிகள் சின்ன நீர் நிலையங்கள் கட்டி மின்சார சபைக்கு விற்கத் தொடங்கின.

ஆனால் அந்த வெளிச்சம் பெக்டரிக்கும் பங்களாவுக்கும்தான். லயத்துக்கு குப்பி லாம்பு. 1985இல் விக்டோரியாவும் கொத்மலையும் திறந்த செய்தியை எங்கப்பா பேப்பரில் வாசித்தது மண்ணெண்ணெய் வெளிச்சத்தில். புகையில் எழுத்துத் தெரியாமல் என் தங்கச்சி கண்ணைக் கசக்கிக் கசக்கியே சோதனைக்குப் படித்தாள். 1990இல் நாட்டிலேயே பத்து வீட்டில் மூன்று வீட்டுக்குத்தான் கரண்ட். தோட்டம் அதிலும் பின்வரிசை. இன்றைக்கு நாடு முழுக்கக் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. இது சின்ன விஷயமில்லை.

சரி, வீடு கூடக் கூட கரண்டும் கூட வேண்டுமே? அங்கேதான் கதை மாறியது. 1995 வரைக்கும் நாட்டின் கரண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணியில் வந்தது. 1996இல் மழை பொய்த்தது. மணிக்கணக்காய்க் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். 2001, 2002லும் அதே கதி. அணை கட்டத் தோதான பெரிய இடங்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன. தலவாக்கலையில் மேல் கொத்மலையைத் திறந்ததே 2012இல்தான். ஆகவே எண்ணெய், அதற்குப் பிறகு நிலக்கரி. நுரைச்சோலையில் 2011இல் முதல் இயந்திரம், 2014இல் மூன்றாவது. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட். விக்டோரியா 210தான், ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது மழை நல்ல வருஷம் என்றால் ஏறக்குறையப் பாதி தண்ணியில் வரும். காய்ந்த வருஷத்தில் நாலில் ஒரு பங்கும் வராமல் போனதுண்டு. மிச்சத்துக்குக் கப்பலில் எண்ணெயும் கரியும் வரவேண்டும், அதற்கு டொலர் வேண்டும். மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மவுஸ்ஸாகலையில் தண்ணி வற்றி, 1969இல் மூழ்கிய பழைய டவுனின் கோயில் வெளியே தெரிந்தால், அங்கே கும்பிடப் போகிறோம். கொழும்பில் அந்த நேரம் எண்ணெய்க் கணக்குப் போடுகிறார்கள்.

அந்த டொலரில் நம்ம பங்கும் உண்டு. ஈரானுக்கு எண்ணெய்க் கடன் 25 கோடியே 10 லட்சம் டொலர். அதைத் தேயிலையாகவே கட்டுவது என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். நீங்கள் கிள்ளிய கொழுந்து எண்ணெய்க் கடனுக்குப் போகிறது. பிரட்டுக்களத்தில் இதை யாரும் சொன்னார்களா? எனக்கும் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்.

2022இல் டொலர் தீர்ந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். ஓகஸ்டில் கட்டணம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும். மாதம் 30 யூனிட் எரிக்கிற ஏழை வீட்டுக்கு 105 ரூபாயாக இருந்த பில் முதலில் 360, பிறகு 1300. அப்போது நாள் சம்பளமே 1000 ரூபாய். ‘கரண்ட் வேண்டாம், லாம்பையே கொளுத்துவோம்’ என்றால், மண்ணெண்ணெய் லீட்டர் 87இலிருந்து 340க்குப் போனது! கவாத்து மலையில் மிலாறு பொறுக்கினதுதான் அடுப்புக்கு மிச்சம். பிறகு கட்டணம் படிப்படியாய்க் குறைந்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களில் வயர் வெட்டுப்பட்ட வீடுகளை நான் அறிவேன்.

வெயிலில் கரண்ட் எடுப்பதைப் பற்றி ஒருவர் கேட்டார். 2016க்குப் பிறகு கூரையில் சோலர் தகடு வேகமாகப் பெருகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் சூரியன் நாலு மணிக்கு மங்குகிறது. நாம் கரண்டைக் கேட்பது மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடே இருண்டதே? பாணந்துறையில் ஒரு குரங்கு என்று மந்திரி சொன்னார், எல்லோரும் சிரித்தோம். ஞாயிறு பகல் தேவை குறைவு, சோலர் அதிகம், பெரிய சுழலும் இயந்திரங்கள் ஓடினது கொஞ்சம். அதனால் ஒரு அடி விழுந்ததும் வலைப்பின்னல் தாங்கவில்லை. குரங்கு பாவம்.

கடைசியாக நம்ம லயத்து விஷயம். ஒரு வீட்டு மீட்டரிலிருந்து பக்கத்து மூன்று காம்பராவுக்கு வயர் இழுத்திருக்கிறார்கள். உதவியாகத்தான் செய்தார்கள், குற்றம் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்பம் 40 யூனிட். தனி மீட்டர் என்றால் 60க்குள், குறைந்த கட்டணம். நாலு குடும்பம் ஒரு மீட்டரில் 160. பல வருஷமாக இருந்துவரும் முறைப்படி 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டுக்கே விலை கூடுகிறது. நாலு ஏழை வீட்டுக்குப் பணக்கார வீட்டுப் பில்! பில் வந்ததும் யார் இஸ்திரிப்பெட்டி போட்டார், யார் கொயிலில் தண்ணி சுட வைத்தார் என்று சண்டை. எங்கள் லயத்தில் அக்கா தங்கச்சி இரண்டு பேர் இதனால் ஒரு வருஷம் பேசவில்லை.

இன்னொன்று, அந்த மெல்லிய வயர். ஒரு வீட்டுக்குப் போட்டது நாலு வீட்டுச் சுமையைத் தாங்காது; சூடேறும். கூரைத் தகரத்தின் கீழே பழைய பலகை. லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் எத்தனை காம்பரா போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

தனி மீட்டருக்குக் காணி நம்ம பேரில் இல்லை என்பதுதான் முட்டுக்கட்டை. தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். தனித்தனியாகப் போனால் இழுத்தடிப்பார்கள், ஆகவே சங்கம் மூலம் ஒரே மனுவாகக் கேட்கப் போகிறோம். ஒரே மீட்டரில் இருக்கிற வீடுகளின் பட்டியல் வேண்டும். பயப்பட வேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்க அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைக் காம்பரா வாசலில் இருப்பேன். கடைசி மூன்று மாதப் பில்லைக் கொண்டுவாருங்கள். தொலைத்தவர்கள் மீட்டர் இலக்கத்தையாவது ஒரு துண்டில் எழுதி வாருங்கள்.