கணக்குக் காட்டாத ஃபிரிட்ஜ்!

(தலைப்பு: வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது இல்லத்தரசியின் கண்ணா? அறிவுள்ள கருவியா?)



எதிரணி அம்மா கேட்டாங்க: "ஃபேனை அணைடான்னு நான் போடுற ஒரு சத்தம் போதும், கருவி எதுக்கு?" அம்மா, பகல்ல நீங்க சத்தம் போடுவீங்க. ராத்திரி நீங்க தூங்கின பிறகு ஃபிரிட்ஜ் தூங்குதா? (சிரிப்பு, கைதட்டல்)

நான் உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரி. எங்க வீட்டில் கரண்ட் பில் எகிறிடுச்சு. மாமியார் என் கிரைண்டரைச் சொன்னாங்க. நான் அவங்க சீரியலைச் சொன்னேன். (சிரிப்பு) ரெண்டு பேர்கிட்டயும் கோபம் இருந்தது, கணக்கு இல்லை. பையன் பிளக்கில் மாட்டுற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வந்தான். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் குற்றவாளி சிக்கியாச்சு. கதவு ரப்பர் கிழிந்த ஃபிரிட்ஜ்! விடிய விடிய ஓடியிருக்கு.

எல்லாப் பொருளுக்கும் மீட்டர் மாட்ட முடியுமா? வேண்டாம். மொத்த மின்சாரத்தை அளந்தாலே போதும் என்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஹார்ட் 1980-களிலேயே வழி காட்டினார். இஸ்திரிப் பெட்டி போட்டால் சுமார் 1000 வாட் குதிக்கும். பழைய ஃபேன் என்றால் 75. காலடிச் சத்தத்தை வைத்தே வர்றது யாருன்னு பாட்டி சொல்வாங்களே, அதைத்தான் கம்ப்யூட்டர் பழகுது. ஆனால் அந்த ஊர் வீட்டில் பழகினது நம்ம வீட்டுக்கு அப்படியே ஒத்துவராது. இங்கே வோல்டேஜ் ஆடும், கரண்ட் போகும். அதனால்தான் டெல்லி இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2013-ல் அங்கே ஒரு வீட்டில் 73 நாள் சென்சார் வைத்து அளந்தாங்க.

இதனால் நமக்கு என்ன லாபம்? 2022-ல் தமிழ்நாட்டில் வந்த கட்டணப் பட்டியலைப் பாருங்க. இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட் அப்போ 2 ரூபாய் 25 காசாக இருந்தது. 501 ஆனால் அதே யூனிட் 4 ரூபாய் 50 காசாக இருந்தது. ஒரே யூனிட் தாண்டினதுக்கு அப்போ 225 ரூபாய் கூடுதலாச்சு! அறுபதாம் நாள் பில்லைப் பார்த்து அழறதா? நாற்பதாம் நாளே கருவி சொன்னால் சுதாரிக்கலாமே! (கைதட்டல்)

அணைக்கிற கை நம்ம கைதான், ஒப்புக்கிறேன். ஆனால் எதை அணைக்கணும்னு தெரிய வேண்டாமா?

நடுவர் அவர்களே! சுமார் 1100 வருஷத்துக்கு முன்பு எங்க உத்திரமேரூர்க் கல்வெட்டில் எழுதி வைத்தாங்க: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் போடக் கூடாது. ஊருக்கே அந்தச் சட்டம்னா, என் ஃபிரிட்ஜுக்கு விதிவிலக்கா? (பலத்த கைதட்டல்)

கணக்குக் காட்டுகிற கருவியே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று தீர்ப்பளிக்கக் கேட்டு அமர்கிறேன்.