டூயல் பூட் கணினி திறக்கவில்லையா? ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் 2024 ஆகஸ்ட்டை எளிதில் மறக்க மாட்டார்கள். அந்த மாதம் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட்டைப் போட்டபின் பலருடைய லினக்ஸ் திறக்கவே இல்லை. எஸ்பாட் (SBAT) சோதனையில் தோல்வி, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஆங்கிலத்தில் ஓரிரு வரிகள் வந்தன. உடனே கணினி தானாக அணைந்தது. பார்ப்பவருக்கு ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டது என்றுதான் தோன்றும்.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான கிரப்பின் பழைய பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அவற்றை ஏற்கக் கூடாது என்று எஸ்பாட் கொள்கை வழியாக மைக்ரோசாஃப்ட் தடை போட்டது. டூயல் பூட் கணினிகளை இந்தத் தடை தொடாது என்றுதான் அறிவித்திருந்தார்கள். ஆனால் சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அப்டேட் கண்டுகொள்ளவில்லை. இதைச் சரிசெய்ய, பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் (mokutil) என்ற கட்டளையால் எஸ்பாட் கொள்கையை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி லினக்ஸில் ஒருமுறை நுழைந்த பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்தால் வேலை முடிந்தது. மைக்ரோசாஃப்டின் நிரந்தரத் தீர்வு 2025 மே அப்டேட்டில்தான் வந்தது. ஃபார்மட் செய்தவர்கள் கோப்புகளை இழந்தது வீண் இழப்பு.

பயாஸில் கை வைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும். செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

எல்லாப் பழுதும் இவ்வளவு சிக்கலானதல்ல. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் திறந்தால், பெரும்பாலும் பூட் வரிசை மட்டுமே மாறியிருக்கும். பயாஸில் உபுண்டு போன்ற லினக்ஸின் பெயரை மேலே ஏற்றினால் தீர்ந்தது.

கிரப் என்ற சொல்லும் மினுக்கும் கர்சரும் மட்டும் வந்து நின்றால் கதை வேறு. பூட்லோடர் எழுந்துவிட்டது, தன் கோப்புகளைத்தான் அதனால் காண முடியவில்லை. லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்களும், பார்ட்டிஷன்களைக் கலைத்து மாற்றியவர்களும் இங்கேதான் மாட்டுகிறார்கள். லினக்ஸ் இன்னும் டிஸ்க்கில் இருந்தால், நிறுவாமலே லினக்ஸை இயக்கும் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, பூட் ரிப்பேர் கருவியால் கிரப்பை மறுபடி நிறுவலாம். விண்டோஸ் யூஈஎஃப்ஐ (UEFI) முறையில் போடப்பட்டிருந்தால் பென் டிரைவையும் அதே முறையில்தான் திறக்க வேண்டும். இதைக் கவனிக்காததால் ரிப்பேர் பலிக்காமல் போகிறது.

மெனுவில் லினக்ஸ் இருக்கிறது, விண்டோஸ் இல்லையா? 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் பாதுகாப்புக் காரணத்தால் இயல்பாகவே முடக்கி வைக்கப்பட்டுள்ளது. கிரப் அமைப்புக் கோப்பில் அந்த முடக்கத்தை நீக்கி, உபுண்டுவில் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினால், விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற வரி மெனுவில் வந்துவிடும்.