எந்தக் கப்பலில் ஏறுவது?

குடும்பத்தோடு கரீபியன் கடல் உலாவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது கப்பலின் அளவைத்தான். 2024-இல் மயாமியிலிருந்து புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலுக்கு 20 தளங்கள், சுமார் 365 மீட்டர் நீளம். குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி, ஆறு நீர்ச்சறுக்குகள். 2009-இல் வந்த 'ஒயாசிஸ்' கப்பலின் நடுவிலோ, திறந்த வானத்தின் கீழ், நிஜச் செடிகொடிகளோடு ஒரு பூங்கா! தாத்தா, பாட்டியும் வருவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எதில் போனாலும் அறை முக்கியம். மேல்தளமும் முன்பக்கமும் அதிகம் ஆடும். குமட்டல் வருகிறவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, இவ்வளவு பெரிய கப்பல்கள் சின்னத் துறைமுகங்களுக்குள் நுழைய முடியாது. ஊர் சுற்றும் ஆசை இருந்தால், எங்கெங்கே நிற்கும் என்று விசாரித்த பிறகு பணம் கட்டுங்கள்.