குப்பை யாருடையது?

 

இன்று குப்பையைப் பற்றிப் பேசப் போகிறோம். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நம் தண்ணீர், நம் கால்நடை, நம் உடல்நலம் எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

நீலகிரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் சுமார் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர். ஆண்டுதோறும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் அலைமோதும்.

வருகிறவர்கள் சாப்பிடுகிறார்கள். பாட்டில் வாங்குகிறார்கள். சிப்ஸ் பொட்டலம் வாங்குகிறார்கள். பிறகு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் போட்ட குப்பை மலையிலேயே தங்கிவிடுகிறது.

உள்ளூர் மக்களுக்குக் கோபம் வருகிறது. "வரி கட்டுகிறோம். தொட்டி நிரம்பி வழிகிறது. அள்ள வண்டி வரவில்லை" என்கிறார்கள். இந்தக் கோபம் நியாயமானது.

மலையில் குப்பை சேர்ந்தால் என்ன ஆகும்? மலையில் சமமான நிலம் குறைவு. கொட்ட இடம் இல்லை. மழை பெய்தால் சரிவில் கிடக்கும் குப்பை ஓடைக்குப் போகும். நீலகிரி ஓடைகள் பல, பவானி ஆற்றிலும் மாயாற்றிலும் கலக்கின்றன. இரண்டும் பவானிசாகர் அணைக்கு வருகின்றன. அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள். வயலுக்கும் பாய்ச்சுகிறார்கள்.

விலங்குகளையும் பாருங்கள். சோற்று வாசனைக்குக் குரங்கும் காட்டெருமையும் வரும். பையோடு சேர்த்துத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பை வயிற்றில் செரிக்காது. உடைந்த கண்ணாடி பாட்டில் யானையின் காலைக் கிழிக்கும். குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையையும் கிழிக்கும்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. நீலகிரியிலேயே சில வழிகளைக் கண்டிருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் பைகளுக்கு அந்த மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டை ஒட்டியே தடை வந்தது. தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதல் இப்படித் தடை வந்தது.

தடை மட்டும் போதுமா? போதாது. காலி மது பாட்டில்களைக் காட்டில் வீசிக்கொண்டே இருந்தார்கள். உயர் நீதிமன்றம் கண்டித்தது. 2022-இல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. பாட்டில் வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாய் கிடைக்கும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. மது குடிப்பது கெடுதல். அது வேறு பேச்சு. இங்கே பாருங்கள்: பாட்டிலுக்கு ஒரு விலை வந்தது. அதனால் அதை வீச மனம் வரவில்லை.

குன்னூரில் ஓட்டுப்பட்டறை குப்பைக் கிடங்கு இருக்கிறது. அங்கே தன்னார்வலர்களும் நகராட்சியும் சேர்ந்து குப்பையைத் தரம் பிரித்தார்கள். மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். குப்பை மேடாகக் கிடந்த இடம் மாறியது.

இதில் நமக்கும் வேலை உண்டு. காய்கறித் தோல், மீந்த சோறு தனி. காகிதம், பாட்டில், தகரம் தனி. பிரித்தால் ஒன்று உரம் ஆகும்; மற்றொன்று காசு ஆகும். இரண்டையும் கலந்தால் எதற்கும் உதவாது. நாற்றம்தான் மிஞ்சும்.

நாம் பிரித்துக் கொடுத்தும் வண்டி வரவில்லையா? அப்போது நீங்கள் கற்ற எழுத்து கை கொடுக்கும். மனு எழுதுங்கள். எந்தத் தெரு, எத்தனை நாளாக அள்ளவில்லை, தேதி என்ன என்று எழுதுங்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பம் தரலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் கட்டணம் கட்ட வேண்டாம். எத்தனை குப்பை வண்டிகள் இருக்கின்றன? எங்கள் தெருவுக்கு எந்த நாளில் வர வேண்டும்? எங்கே கொட்டுகிறீர்கள்? இப்படிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

தெருவில் நின்று திட்டினால் காற்றோடு போகும். காகிதத்தில் எழுதினால் கணக்கில் நிற்கும். அடுத்த வகுப்பில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதிப் பார்ப்போம்.