எந்தப் பிலிமுக்கு எந்த டெவலப்பர்?

(பழைய மாணவர் சந்திப்பில், கல்லூரிப் புகைப்பட மன்றத்தாரிடையே ஆற்றிய உரை)



இருட்டறையை மறுபடியும் திறந்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. "கறுப்பு வெள்ளையில் எந்தப் பிலிமுக்கு எந்த டெவலப்பர் சரியா வரும்னு மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்று மன்றச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: யாரை, எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள்?

நம்ம ஊர் மதிய வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த முகம், வெள்ளை வேட்டி, ஒரு பெரியவர் வாசலில் நிற்கிறார். கேமராவின் மீட்டர் வேட்டியின் வெளுப்பைப் பார்த்து ஏமாந்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். முகம் பிலிமில் பதியாது. பதியாத முகத்தை உலகத்தின் எந்த டெவலப்பரும் மீட்டுத் தராது. அதனால் 400 வேகப் பிலிமை 200 என்று வைத்து எடுங்கள். டெவலப் செய்யும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். முகத்தின் சுருக்கமும் தெரியும், வேட்டியின் மடிப்பும் தெரியும். நிழலைக் காப்பாற்றுவது கேமரா, வெளுப்பை அடக்குவது டெவலப்பர். இந்த ஒன்று மனசில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

இனி டெவலப்பருக்கு வருவோம். கோடாக்கின் டி-76, 1927 முதல் இருக்கிறது. இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறக்குறைய அதேதான். லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் சேர்ந்தது. அது வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கொஞ்சம் கரைப்பதால் கிரெயின் மென்மையாகத் தெரியும். சம அளவு தண்ணீர் கலந்தால் கரைப்பு குறைந்து கூர்மை கூடும். ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடலாம் என்பதால் ஒவ்வொரு ரோலும் ஒரே மாதிரி வரும்.

ரோடினால் அதற்கும் மூத்தது, 1891-இல் வந்தது. அது கிரெயினை மறைக்காது, ஓரங்களைக் கூர்மையாகக் காட்டும். 100 வேகப் பிலிமில் கோயில் கல், மரப்பட்டை எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல வரும். அதையே 35 மி.மீ. 400 வேகப் பிலிமில் போட்டால், முகத்தில் மணலைத் தூவிய மாதிரி இருக்கும். சிலருக்கு அதுவும் பிடிக்கும், அது அவரவர் ரசனை.

ஆண்டு விழா மேடை மாதிரி வெளிச்சம் குறைந்த இடத்தில் எச்பி5 பிளஸை 1600-க்கு எடுத்து மைக்ரோஃபென்னில் போடலாம். இல்ஃபோர்ட் சொல்லும் நேரம், தண்ணீர் கலக்காத டெவலப்பரில், 20 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம். நடனமாடுபவரின் முகம் கிடைக்கும், பின்னால் இருப்பவர்கள் இருட்டில் போய்விடுவார்கள். இது அவசரத்துக்கு, அன்றாடத்துக்கு இல்லை.

அட்டவணைகளில் உள்ள நேரமெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சொன்னது. மே மாதத்தில் நம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தொடும்! டிகிரி ஏற ஏற நேரம் குறைய வேண்டும். எச்பி5 பிளஸ், ஐடி-11 சம அளவு தண்ணீருடன், 20 டிகிரியில் 13 நிமிடம் என்றால், 24-இல் சுமார் 9 நிமிடம். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிம் திட்டுத் திட்டாக வரக்கூடும். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரும் ஐஸும் போட்டு, அதில் டெவலப்பர், ஃபிக்ஸர் பாட்டில்களை நிறுத்தி வையுங்கள். கடைசியில் கழுவும் தண்ணீரும் அதே சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நல்ல டெவலப்பருக்குச் செலவழிப்பதற்கு முன் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிக் கிடக்கிறது. எங்கள் காலத்து "இந்து" பிலிம் இனி இல்லை. இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் பிலிம்தான், மாணவர்கள் பைக்கு அது பெரிய செலவு. மாதம் ஒரு பிலிம், வாரம் ஒரு டெவலப்பர் என்று மாற்றிக்கொண்டே போனால், படம் ஏன் கெட்டது என்றே தெரியாமல் பணம் தீர்ந்துவிடும். இருட்டறையும் மறுபடி பூட்டிவிடும்.

ஆகவே என் சிபாரிசு: மன்றம் முழுவதும் ஓராண்டுக்கு ஒரே பிலிம், ஒரே டெவலப்பர். எச்பி5 பிளஸும் ஐடி-11-உம் போதும். சூடு, நேரம், டாங்கை எத்தனை முறை கவிழ்த்தீர்கள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து ரோல் ஆனதும், எதை மாற்ற வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் கிடக்கும் டாங்க், டிரே, என்லார்ஜர் எதுவானாலும் இந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பழைய டெவலப்பர் பவுடரை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்!