மீட்டர் மாற்ற ஆள் வந்தால்



உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் அதைப் படிக்கிறீர்களா? அதுதான் மின்சார மீட்டர். எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்று அது கணக்கு வைக்கிறது. நீங்கள் கட்டும் பணம் அந்தக் கணக்கில் இருந்துதான் வருகிறது.

இந்தப் பெட்டி இப்போது மாறி வருகிறது. பழைய மீட்டரை எடுத்துவிட்டு, ஸ்மார்ட் மீட்டர் என்ற புதிய மீட்டரை வைக்கிறார்கள். "எங்களுக்குப் பழையதே போதும், புதியது வேண்டாம்" என்று பலர் சொல்கிறார்கள். அப்படி மறுக்க முடியுமா? மறுக்க முடியாவிட்டால் வேறு என்ன உரிமை இருக்கிறது? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் அந்தமான் மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மெயின்லாண்டில் ஓர் ஊருக்கு மின்சாரம் குறைந்தால், வேறு மாநிலத்தில் இருந்து கம்பி வழியாக வரும். இங்கே அப்படி வராது. நடுவில் கடல் இருக்கிறது. கப்பலில் டீசல் வருகிறது. டீசலை எரித்துத்தான் பெரும்பகுதி மின்சாரம் உண்டாக்குகிறார்கள். திக்லிபூர்ப் பக்கம் கல்போங் ஆற்றில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் உண்டு. வெயிலில் இருந்தும் ஓரளவு மின்சாரம் எடுக்கிறார்கள். டீசலில் ஒரு யூனிட் உண்டாக்க அதிகம் செலவாகிறது. வீடுகளில் வாங்கும் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. மீதியை அரசு ஏற்கிறது. அதனால் ஒவ்வொரு யூனிட்டையும் சரியாகக் கணக்கிட மின்துறை விரும்புகிறது.

2021-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் வைப்பது அதன் இலக்கு. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சுமார் 83 ஆயிரம் மீட்டர்களுக்கு அனுமதி தந்தார்கள்.

பழைய மீட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் என்ன வேறுபாடு? மூன்று வேறுபாடுகள் உண்டு.

ஒன்று: கணக்கு எடுக்க ஆள் வர வேண்டாம். செல்போன் போல அதுவே அலுவலகத்துக்குக் கணக்கை அனுப்பும்.

இரண்டு: அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பை நிறுத்தலாம், திரும்பவும் தரலாம். யாரும் கம்பம் ஏற வேண்டாம்.

மூன்று: அதைப் பிரிபெய்ட் முறையிலும் ஓட்டலாம். அதாவது முதலில் பணம், பிறகு மின்சாரம். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வது போல. பழைய மாதிரி பில் வந்த பிறகு பணம் கட்டும் முறையிலும் அதே மீட்டரை ஓட்டலாம். இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஸ்மார்ட் மீட்டர் என்றாலே பிரிபெய்ட் என்று அர்த்தம் இல்லை.

மக்கள் ஏன் பயப்படுகிறார்கள்? மீன்பிடிக்கப் போகிறவருக்குத் தினமும் ஒரே வருமானம் இல்லை. கூலி வேலை செய்பவருக்கும் அப்படித்தான். பணம் தீர்ந்த நாளில் விளக்கு அணைந்தால் என்ன செய்வது? செல்போன் இல்லாத பாட்டி எப்படி ரீசார்ஜ் செய்வார்? புதிய மீட்டர் வேகமாக ஓடுமோ? எப்போது வீட்டில் ஆள் இல்லை என்பதும் அந்தக் கணக்கில் தெரிந்துவிடுமே? இவை எல்லாம் நியாயமான கேள்விகள்.

இந்தக் கேள்விகள் வேறு நாடுகளிலும் எழுந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா என்ற மாநிலம் உண்டு. 2012-இல் அங்கே ஒரு பெரிய மின் நிறுவனத்தின் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு மறுக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் இலவசமாக அல்ல. முதலில் 75 டாலர், பிறகு மாதம் 10 டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஏழைகளுக்குக் கட்டணம் குறைவு. வெர்மான்ட் என்ற இன்னொரு மாநிலம் அதே ஆண்டில் வேறு விதமாகச் சட்டம் செய்தது. "மறுப்பவரிடம் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது" என்றது. நெதர்லாந்து நாட்டில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயம் ஆக்கும் சட்டத்தை 2009-இல் மேல்சபை ஏற்கவில்லை. மக்கள் எழுந்து கேட்டதால் விதிகள் மாறின.

இந்தியாவில் நிலைமை என்ன?

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம்தான் அடிப்படை. அதன் 55-ஆம் பிரிவு, மீட்டர் இல்லாமல் மின்சாரம் தரக்கூடாது என்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. புது இணைப்புக்குப் பிரிபெய்ட் மீட்டர் அல்லது ஸ்மார்ட் பிரிபெய்ட் மீட்டர்தான் வைக்க வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. விலக்கு வேண்டும் என்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்க வேண்டும். காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். அந்தமானுக்கு உரிய ஆணையம், கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான கூட்டு ஆணையம் ஆகும்.

ஆகவே கலிபோர்னியாவில் இருப்பது போல, "எனக்கு வேண்டாம்" என்று ஒரு வீட்டுக்காரர் தனியாக எழுதிக் கொடுத்து மறுக்கும் வழியை அந்த விதிகள் தரவில்லை. இது கசப்பான உண்மை. ஆனால் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே 2003 சட்டத்தின் 47-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பிரிபெய்ட் மீட்டர் வழியாக மின்சாரம் பெறத் தயாராக இருப்பவரிடம் டெபாசிட் கேட்கக்கூடாது என்கிறது. "தயாராக இருப்பவர் என்றால், தயாராக இல்லாதவரும் உண்டு அல்லவா? அப்படியானால் பிரிபெய்ட் என்பது விருப்பம்தானே?" என்று நுகர்வோர் சார்பில் வாதாடுகிறார்கள். மீட்டரை மறுப்பது வேறு. பிரிபெய்ட் முறையை மறுப்பது வேறு. இரண்டாவதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

ஏன் இது முக்கியம்? பில் முறையில் பணம் கட்டத் தவறினாலும் உடனே இணைப்பை வெட்டக்கூடாது. 56-ஆம் பிரிவின்படி 15 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். பிரிபெய்டில் பணம் தீர்ந்தால் இணைப்புத் தானாகவே நிற்கும்.

குஜராத்தில் வதோதரா நகரில் 2024 மே மாதம் நடந்ததைக் கேளுங்கள். ரீசார்ஜ் பணம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று மக்கள் திரண்டு மின் அலுவலகங்களுக்குப் போனார்கள். அதன் பிறகு, புதிய மீட்டரோடு பழைய மீட்டரையும் சேர்த்து வைத்து, இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுக் காட்டுவதாக அரசு தரப்பில் அறிவித்தார்கள்.

இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது விதியிலும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். மீட்டர் கணக்குத் தவறு என்று நீங்கள் புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் இன்னொரு மீட்டர் வைக்க வேண்டும். குறைந்தது 3 மாதம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். 2023-இல் செய்த திருத்தம் இன்னொரு பாதுகாப்புத் தருகிறது. புதிய மீட்டர் அதிக லோடு காட்டினாலும், அது வைப்பதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக்கூடாது.

இந்த உரிமைகள் காகிதத்தில் இருக்கின்றன. அவற்றைக் கையில் எடுக்க உங்கள் எழுத்தும் எண்ணும் வேண்டும். எப்படி?

ஒரு கணக்கைப் பாருங்கள். கடைசி பில்லில் மீட்டர் எண் 8410 என்று இருக்கிறது. பழைய மீட்டரைக் கழற்றும் நாளில் அது 8452 காட்டுகிறது. 8452-இல் 8410-ஐக் கழித்தால் 42. அந்த 42 யூனிட்டுக்குத்தான் நீங்கள் பாக்கி. யாரோ 8452 என்பதை 8552 என்று எழுதிவிட்டால்? 142 யூனிட் ஆகிவிடும். ஒரே ஓர் எண் மாறியதால் 100 யூனிட் பணம் கூடுதல். பழைய மீட்டர் போன பிறகு அதை எப்படி நிரூபிப்பீர்கள்? நீங்கள் எழுதி வைத்த குறிப்புதான் சாட்சி.

ஆகவே மீட்டர் மாற்ற ஆள் வந்தால் இவற்றைச் செய்யுங்கள்:

1. அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

2. பழைய மீட்டரின் நம்பரையும் அது கடைசியாகக் காட்டும் யூனிட்டையும் நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள். வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

3. புதிய மீட்டரின் நம்பரையும் தொடக்க எண்ணையும் எழுதுங்கள். திரையில் பல எண்கள் மாறி மாறி வரும். கே.டபிள்யூ.எச். என்ற ஆங்கில எழுத்துகளோடு வருவதுதான் யூனிட்.

4. "இது பில் முறையா? பிரிபெய்ட் முறையா?" என்று கேளுங்கள். இப்போது நடப்பில் உள்ள விதி எது என்றும் மின்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

5. அவர் தரும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அதன் பிறகு தினமும் ஒரே நேரத்தில் யூனிட்டை எழுதி வாருங்கள். 1000 வாட் கருவி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 75 வாட் மின்விசிறி 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். உங்கள் வீட்டுக் கணக்குக்கும் மீட்டர் கணக்குக்கும் பெரிய வேறுபாடு வந்தால், உடனே மின்துறைக்குப் புகார் எழுதுங்கள். வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

பதில் வரவில்லையா? போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரில், மின் நுகர்வோர் குறை தீர்க்கும் மன்றம் இருக்கிறது. வக்கீல் இல்லாமலே முறையிடலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மேலே ஓம்பட்ஸ்மேன் என்ற மின்குறை தீர்ப்பாளர் உண்டு. தகவல் வேண்டுமானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை.

ஒருவர் தனியாகக் கேட்டால் குரல் சிறியது. பத்து வீட்டு நோட்டுகளை ஒன்றாக வைத்துக் கேட்டால் அதிகாரிகளும் நின்று பார்ப்பார்கள். ஆகவே கற்றோர் வட்டத்தில் உள்ளவர்கள் இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் மீட்டர் நம்பரை எழுதுங்கள். அடுத்த வீட்டில் எழுதத் தெரியாதவர் இருந்தால் அவருக்கும் எழுதிக் கொடுங்கள். அப்படியே அவருக்கும் எண்களைச் சொல்லிக் கொடுங்கள்.