குழிக்குச் சொந்தக்காரர் யார்?

மழை விட்ட இரவு. லாபு தோட்டத்துப் பக்கம் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் தொழிலாளி, தண்ணீர் நிரம்பிய குழியில் இறங்கிவிடுகிறார். ரிம் வளைகிறது. "என் நேரம் சரியில்லை" என்று சொந்தக் காசில் பழுது பார்க்கிறார். இது நேரத்தின் குற்றமா?

2020 டிசம்பரில், நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின், பந்திங் பகுதியில் சைக்கிளோடு குழியில் விழுந்தார். பொதுப்பணி இலாகா மன்னிப்புக் கேட்டது. தொழிலாளியைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அவர்தான் கேட்க வேண்டும்.

யாரிடம்? பெரிய சாலை என்றால் பொதுப்பணி இலாகா. தாமான் சாலை என்றால், நீலாயும் இணைந்து 2020-இல் உருவான சிரம்பான் மாநகர் மன்றம். தோட்டத்துச் செம்மண் சாலை என்றால் தோட்ட நிர்வாகம். கதவு மாறித் தட்டினால் கடிதம்தான் அலையும்.

குழியை அடையாளம் தெரியப் படமெடுக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் போலீஸ் புகார், பிறகு பட்டறை ரசீதுடன் எழுத்து மூலம் கோரிக்கை. மறுத்தால், 2012 விதிகளின்படி 5,000 ரிங்கிட் வரையிலான வழக்கை வழக்கறிஞர் இன்றியே சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் தொடுக்கலாம். அரசுத் தரப்பு மீது வழக்குப் போட 36 மாதமே அவகாசம்.

ஆனால் குழி இருந்தது என்றால் போதாது; கவனிக்காமல் விட்டார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு வலுவான சாட்சி, முன்பே ஒருவர் கொடுத்த புகார். குழியைப் பார்த்தும் பேசாமல் போகிறவர், அடுத்து விழப்போகிறவரின் சாட்சியைப் பறிக்கிறார்.